மேஜை மேல் ஒரு செஞ்சிக் கோட்டை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான்கு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் செஞ்சிக் கோட்டை உட்கார்ந்திருக்கிறது. நானும் என் மனைவியும் சமையற்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டு தட்டைக் கையில் பிடித்தபடி சாப்பிடுகிறோம். "ஏங்க, இந்த மலையை எப்பதான் எறக்குவீங்க?" என்று அவள் வாரத்துக்கு ஒரு முறை கேட்கிறாள். நானும் வாரத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு பதில் சொல்கிறேன்.

எழுபத்தாறு வயதில் தெர்மாகோலும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பவனை அவலூர்பேட்டையில் என்ன சொல்வார்கள்? "பாண்டிச்சேரி மாமாவுக்கு வயசாயிடுச்சு, பொம்மை செய்யறாரு" என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் செய்தது பொம்மை அல்ல, ஒரு போர்ப் பலகை. மலை, மதில், அகழி, படைகள் எல்லாம் வைத்து, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு முற்றுகையை ஆடிப் பார்ப்பதற்கான பலகை. செஞ்சியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும், அதுவும் பிள்ளைகள் கையாலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது ஒரு டீக்கடைச் சண்டையில் ஆரம்பித்தது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மீதி ஒன்று நம் செஞ்சி. மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரை விரித்ததும் வழக்கு தொடங்கிவிட்டது. "மராட்டியன் கோட்டையா? ஆனந்தக் கோன் கட்டினதுப்பா" என்றார் ஒருவர். "நாயக்கர் இல்லேன்னா வெறும் பாறைதான்" என்றார் இன்னொருவர். "தேசிங்கு ராஜா பேரைக் காணோமே" என்று மூன்றாமவர். பீஜப்பூர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று வரிசை நீண்டது. குரலும் உயர்ந்தது. அரை மணி நேரம் கழித்து நான் ஒன்று கேட்டேன்: "இதில் யாராவது மூன்று மலையும் ஏறியிருக்கிறீர்களா?" ராஜகிரி ஏறியவர் இருவர். கிருஷ்ணகிரி ஒருவர். சந்திரகிரி ஒருவரும் இல்லை.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் கேள்வி என்னையும் விடவில்லை. நான் மட்டும் என்ன கண்டேன்?

என் படிப்பைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த இடைக்காலத்துப் பிள்ளைகள் நாங்கள். வகுப்பில் எங்களுக்கு வந்த முதல் போர்க்கதை அலேசியா. கி.மு. 52இல் கோல் நாட்டுத் தலைவன் வெர்சாஞ்செத்தோரிக்ஸ் ஒரு குன்றின் மேல் ஒதுங்குகிறான். ரோமத் தளபதி சீசர் குன்றைச் சுற்றி ஒரு வேலி எழுப்புகிறான், சுமார் 16 கிலோமீட்டர். அதோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து உதவிப்படை வந்தால் தன் முதுகைக் காக்க, வெளிப்பக்கம் பார்த்த இன்னொரு வேலியும் எழுப்புகிறான், சுமார் 21 கிலோமீட்டர். எங்கள் வாத்தியார் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செஞ்சி? அதுவும் வந்தது, ஒரே ஒரு வரியில். 'ழேன்ழி' என்பார் வாத்தியார். 1750இல் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்த கோட்டை. அவ்வளவுதான். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தூண்களில் சாய்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். அவை நின்றிருந்த ஊர் எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது என்பது கூடத் தெரியாமல் வளர்ந்தேன். அலேசியாவின் இரண்டு வேலியும் மனப்பாடம், செஞ்சியின் மூன்று மலைக்குப் பெயர் தெரியாது. கல்யாணம் ஆகி அவலூர்பேட்டைக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, மாமனார் வீட்டுத் திண்ணையில் தேசிங்கு கதையைப் பாட்டாகக் கேட்டேன். ஊரே அழுதது. எனக்கு மட்டும் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று புரியவில்லை. அந்த வெட்கம் ஐம்பது வருஷமாக உள்ளே இருந்தது. டீக்கடைச் சண்டை அதைக் கிளறிவிட்டது.

சரி, பலகைக்கு வருகிறேன்.

வேலையில் இருந்த காலத்தில் நிலப் பதிவேடுகளோடுதான் என் வாசம். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களையும் நில அளவை ஏடுகளையும் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னை அந்தப் பிரிவை விட்டு நகர்த்தவே இல்லை. அளவுகோல் இல்லாத வரைபடம் வெறும் படம் என்று எனக்குப் பாலபாடம். அதனால் பலகையையும் அளவோடு செய்வது என்று தீர்மானித்தேன். ஒன்றுக்கு இரண்டாயிரம். அதாவது தரையில் 20 மீட்டர், பலகையில் ஒரு சென்டிமீட்டர். நாலடிக்கு நாலடி பிளைவுட் எடுத்தால் சுமார் 2.4 கிலோமீட்டர் சதுரம் அடங்கும். மூன்று மலைக்கும் நடுவிலுள்ள கீழ்க்கோட்டைக்கும் அது போதும். பிளைவுட்டை அறுத்து அடியில் சட்டம் அடித்துக் கொடுத்தவன் என் மச்சினன். "மாமா, இது மேலே என்ன வெக்கப் போறீங்க?" என்றான். "மலை" என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். கடையில் தெர்மாகோல் அட்டை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது. ஒரு கோட்டுக்கு ஓர் அட்டை. என் அளவுகோலுக்கென்றே செய்துவைத்த மாதிரி! கோட்டைப் பெரிதாக்கி வரைந்து, அட்டையில் ஒட்டி, சூடான கத்தியால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதுதான். ராஜகிரி சுமார் 800 அடி. பன்னிரண்டு அட்டை.

அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். மனசு விட்டுப்போயிற்று. பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு டம்ளர் உயரம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த மலை இதுவா? கூட ஆறு அட்டை வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் முப்பது வருஷம் பிறர் நிலத்தை அளவு மாற்றாமல் காத்தவன், மலைக்கு மட்டும் பொய்க்கணக்கு எழுதுவதா? விட்டுவிட்டேன். விட்டதுதான் நல்லதாயிற்று. கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, கீழிருந்து பார்த்தேன். அப்போது தெரிந்தது. உயரம் இல்லை, செங்குத்துதான் செஞ்சியின் பலம். ஏற வழியில்லாத பாறை, அதன் மேல் இடைவெளி விடாமல் மதில். ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பிளவு உண்டு, 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையை நிறுத்தலாம் என்பார்கள். என் பலகையில் அந்தப் பிளவு வேப்பங்குச்சி அகலம். பாலம், உடைத்த தீக்குச்சித் துண்டு.

மற்ற சாமான்களைச் சொல்கிறேன், யாராவது செய்வீர்கள் என்ற நம்பிக்கையில். பாறைக்குக் கிரஷரில் கிடைக்கும் பொடிச் சிப்ஸ். படிக்கட்டு இடுக்குகளை மூடப் பழைய பேப்பரை ஊறவைத்து இடித்த கூழ். முதலில் மைதா பசையில் கலந்தேன். ஒரே வாரத்தில் எறும்பு மேற்கு மதில் வழியாக உள்ளே புகுந்துவிட்டது. ஔரங்கசீப்புக்கு எட்டு வருஷம் எடுத்த வேலை! பிறகுதான் ரெக்கார்டு ரூம் பைண்டர் பசையில் மயில்துத்தம் கலப்பது நினைவுக்கு வந்தது. கலந்தேன், எறும்பு பின்வாங்கியது. (துத்தம் விஷம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு ஃபெவிகாலே போதும்.) குளத்துக்குக் கண்ணாடித் துண்டு. இது பாண்டிச்சேரியில் பக்கத்து வீட்டு அம்மா கொலுவுக்குப் பூங்கா கட்டியதைப் பார்த்துக் கற்றது. மணலில் மலை, கண்ணாடியில் குளம், முளைவிட்ட கேழ்வரகில் புல். யோசித்துப் பாருங்கள், மேஜை மேல் ஊர் கட்டும் கலை நம் வீட்டுப் பெண்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அதை யாரும் பொம்மை விளையாட்டு என்று கேலி செய்ததில்லை.

பெரிய ராஜ்ஜியங்களும் இதைச் செய்திருக்கின்றன. 1668இல் பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி லூவ்வா, கோட்டை நகரங்களையெல்லாம் மரத்திலும் அட்டையிலும் மாதிரி செய்ய உத்தரவிட்டார். பெரும்பாலும் அறுநூறில் ஒன்று என்ற அளவு. தெரு, மரம், வாய்க்கால் எல்லாம் இருக்கும். லூவ்ர் அரண்மனையில் வைத்திருந்தார்கள். 1777இல் இன்வலீத் கட்டடத்துக்கு மாற்றினார்கள், இன்றும் அங்கே ஒரு மியூசியமாக இருக்கிறது. எதிரி அந்தக் கோட்டையை முற்றுகையிட்டால் என்ன செய்வது என்று ராஜா அரண்மனையிலிருந்தே யோசிக்கலாம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் மன்னருக்கு ஒரு போர் மேஜையே செய்து கொடுத்தார். அவர் மகன் 1824இல் அதற்கு முறையான விதிகளை எழுதி, அதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கினார். இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் சிப்பாய் பொம்மைகளை வைத்து ஆடும் போருக்கு ஒரு புத்தகமே எழுதினார். பெரிய போருக்கு இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு வருஷமே உலகப் போர் வந்தது. அது வேறு கதை.

படைக்கு என்ன செய்வது? கடையில் விற்கும் குதிரை வீரன் பொம்மையை வைத்துப் பார்த்தேன். என் அளவுப்படி அவன் கல்யாண மகாலையே தாண்டி நின்றான். கணக்குப் போட்டேன். ஐந்தரை அடி மனிதன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கடுகைவிடச் சின்னவன். ராஜாராமும் சரி, தேசிங்கும் சரி, இந்த மலையடியில் பாதிக் கடுகு. பாட்டு அவர்களை மலையளவு காட்டியது. பலகை மலையை மலையளவு காட்டியது. கடைசியில் புளியங்கொட்டை முற்றுகையிடும் படை, சோழி கோட்டைப் படை என்று வைத்தேன். ஒரு கொட்டை ஒரு பிரிவு.

ஆட்ட விதிக்கு நான் வெளிநாட்டுப் புத்தகம் தேடவில்லை. ஆடுபுலி ஆட்டம் இருக்கிறதே! மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆடு சுற்றி வளைக்கும். பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். கட்டத்தைப் பாருங்கள், முக்கோணமாக ஒரு மலை போலத்தான் இருக்கும். உலகமெங்கும் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் சரிசமம். நம் ஊர் ஆட்டத்திலோ சமமில்லாத இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள். முற்றுகை என்பது சமமில்லாத ஆட்டம். அதனால் வளைத்து அடைக்கும் விதியை அதிலிருந்து எடுத்தேன். மோதலில் யார் வென்றது என்பதற்குத் தாயக்கட்டை. ஒரு நகர்வு ஒரு மாதம். ஒவ்வொரு காயும் மாதம் ஒரு கொள்ளு தின்னும். கொள்ளு தீர்ந்தால் காய் எழும்.

ஆட வந்தவன் என் பேரன், சென்னையில் எட்டாவது படிக்கிறான். அரையாண்டு லீவு. நான் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான், அவன் ராஜாராம். வரலாறு இதுதான்: சிவாஜி 1677இல் பிடித்த செஞ்சிக்கு, அவர் மகன் ராஜாராம் 1689இல் தப்பி வந்து சேர்ந்தார். 1690இல் முற்றுகை தொடங்கியது. 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போயாயிற்று. எட்டு வருஷம்!

என்னிடம் இருந்தது நாற்பது புளியங்கொட்டை. மூன்று மலையையும் சுற்றி வைத்துக்கொண்டே வந்தேன். பாதி வட்டம் போவதற்குள் கொட்டை தீர்ந்துவிட்டது. கோட்டை மதில்களின் மொத்த நீளம் 13 கிலோமீட்டர் என்பார்கள். அதற்கு வெளியே, பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் வளைக்க வேண்டுமென்றால் வட்டம் இன்னும் பெரிது. முகலாயரால் கோட்டையை முழுசாக அடைக்க முடியவில்லை என்று படித்திருக்கிறேன். ஏன் என்பது கொட்டை தீர்ந்தபோதுதான் விளங்கியது. பேரன் திறந்திருந்த பக்கமாக மாதாமாதம் கொள்ளு ஏற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்து அவன் இன்னொரு வேலை செய்தான். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு பெரிய சோழிகளை வெளியிலிருந்து கொண்டுவந்தான். 1692 டிசம்பரில் நிஜமாக நடந்ததுதான். அந்த இருவரும் மராத்தியப் பகுதியிலிருந்து குதிரைப்படையோடு இறங்கினார்கள். காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சிறைபிடித்தார்கள். முற்றுகையிட்டவனே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டான். தானியம் வரும் வழி அடைபட்டது. 1693 தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். என் புளியங்கொட்டைகளும் வந்தவாசிக்கு, அதாவது மேஜை ஓரத்துக்கு, நகர்ந்தன.

அப்போது என் கண் முன்னால் வந்தது பாண்டிச்சேரிக் கரும்பலகை. இரண்டு வட்டம்! சீசர் போட்ட வெளிவட்டம் ஜுல்பிகாரிடம் இல்லை. போடவும் முடியாது, உள்வட்டத்துக்கே ஆள் போதவில்லையே. அறுபது வருஷத்துக்கு முன் யாருக்கோ சொந்தமான பாடம் என்று நினைத்துப் படித்தது, என் மனைவியின் ஊருக்குப் பக்கத்து மலையைப் புரியவைத்தது. படித்த எதுவும் வீண் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு மேஜை வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. என் மனைவி காபி டம்ளரை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். பேரனிடம் கேட்டாள்: "ஏன்டா கண்ணு, இந்தக் கொள்ளெல்லாம் எங்கேர்ந்து வருது?"

"பெட்டியிலேர்ந்து, ஆயா."

"பெட்டியிலேர்ந்தா? எட்டு வருஷம் ரெண்டு படை தின்னுது. எந்த ஊர்க்காரன் வெளைச்சான்? அவனைக் காணோமே இங்கே?"

நான் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். நிலப் பதிவேட்டில் விரல் தேய்த்தவன் நான். எந்த நிலம், எத்தனை பரப்பு, யார் பயிர் என்று எழுதியே வயதானவன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கழனி வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்குத் தோன்றியது.

அன்றைக்கே விதியை மாற்றினோம். அவளிடமிருந்தே நாலு முறம் வாங்கி மேஜையைச் சுற்றி வைத்தோம். அவை ஊர்கள். கொள்ளு இனி அங்கேதான் விளையும், வருஷத்துக்கு ஒரு அறுப்பு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் முறத்தில் ஐந்து கொள்ளாவது மிச்சம் வைக்க வேண்டும், அது விதை. அதையும் எடுத்தால் அடுத்த வருஷம் அந்த முறம் காலி.

ஆட்டமே வேறாகிவிட்டது. பசி எடுத்ததும் பேரன் இரண்டு முறத்தைத் துடைத்தான். நான் மீதி இரண்டைத் துடைத்தேன். இரண்டாம் வருஷம் எல்லா முறமும் காலி. அவன் மலை மேல் பட்டினி, நான் மலையடியில் பட்டினி. யாரும் ஜெயிக்கவில்லை. பேரன் வெறும் முறங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இவங்க என்ன பண்ணாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. கான் பெயர் இருக்கிறது, ராஜா பெயர் இருக்கிறது. முறத்துக்காரர்கள் பெயர் எந்தப் பாட்டிலும் நான் கேட்டதில்லை.

பிறகு அதே பலகையில் 1750ஐ ஆடினோம். அதே மலை, அதே அறுபதடித் தடிமன் மதில், அதே எண்பதடி அகழி. செப்டம்பர் 11 பகலில் முகமது அலியின் படை கோட்டைக்கு வெளியே தோற்று ஓடுகிறது. புஸ்ஸி துரத்திவந்து வாசலை வெடிவைத்துப் பிளக்கிறார். கீழ்க்கோட்டைத் தெருக்களில் இருட்டும்வரை சண்டை. இரவில் மூன்று பிரிவாகப் பிரிந்து மூன்று மலை மேலும் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். எட்டு வருஷம் நின்ற கல், ஓர் இரவில் விழுந்தது. என் வாத்தியார் அதை புஸ்ஸியின் பெருமையாகச் சொன்னார். தைரியம் இல்லாமல் யாரும் இருட்டில் அந்தப் பாறை ஏற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலகையில் காவலன் பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்று தெரிகிறது. மூன்று மலையையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும், அந்த ஆள் பயப்படாமல் இருக்க வேண்டும். தோற்று ஓடிவந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பிடித்த பிரெஞ்சுக்காரரும் நிலைக்கவில்லை. பாண்டிச்சேரி விழுந்த அதே 1761இல், ஏப்ரல் மாதம், செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

தேசிங்கையும் ஆடிப் பார்த்தோம். 1714. அவர் ஏன் கோட்டைக்குள்ளேயே இருக்காமல் வெளியே வந்து நவாபு சாதத்துல்லா கானின் படை மேல் பாய்ந்தார்? பாட்டில் அது வீரம். நான் ஒரு கணக்குப் போட்டேன். அவரிடம் ஐந்நூறு பேர் என்றே வைத்துக்கொள்வோம். 13 கிலோமீட்டர் மதிலில் 26 மீட்டருக்கு ஒருவன். தூக்கம் இல்லாமல், மாற்று ஆள் இல்லாமல். காவல் காக்க முடியாத கோட்டைக்குள் இருப்பதைவிட வெளியே போவதே வழி என்று அந்த இளைஞனுக்குத் தோன்றியிருக்கலாம். இப்படி யோசித்தபோது அன்று திண்ணையில் வராத கண்ணீர் எனக்கு இப்போது வந்தது. கணக்கு பாட்டைக் கெடுக்கவில்லை.

இனி, எதிர்க்கட்சி வாதங்கள். என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காந்தியவாதி. "பிள்ளைகளுக்குப் போரை விளையாட்டாக்கிக் கொடுக்கறது சரியா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போரைப் பாட்டாக்கினால் ஒரு பக்கம்தான் பாட முடியும். சினிமாவாக்கினால் ஒரு பக்கம்தான் கைதட்ட முடியும். என் மேஜையில் ஒரு சட்டம் உண்டு: ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு தடவை. இரண்டாம் தடவை பக்கம் மாறி உட்கார வேண்டும். நேற்று ராஜாராமாக இருந்தவன் இன்று ஜுல்பிகார். நேற்று இவன் செய்தது அக்கிரமம் என்றவன், இன்று அதையே செய்கிறான், ஏன் செய்தோம் என்றும் தெரிந்துகொள்கிறான். போரை வெறுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காலி முறத்தைப் பார்த்த பிள்ளை அதை லேசில் மறக்காது. தலைமையாசிரியர் ஒரு ஆட்டம் ஆடினார். மறுநாள் தானாகவே வந்து பக்கம் மாறி உட்கார்ந்தார்.

"செல்போனில் இதைவிடப் பிரமாதமான போர் விளையாட்டு இருக்கே" என்பது இளைஞர் கட்சி. இருக்கட்டும். அதில் மலையை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளை பன்னிரண்டு அட்டையை வெட்டவில்லை, பாறை ஏன் செங்குத்து என்று விரலால் தடவவில்லை. முக்கியமாக, "கொள்ளு எங்கேர்ந்து வருது" என்று ஆயா கேட்டால் அதில் விதியை மாற்ற முடியாது. கையால் செய்தது என்றால் தப்பு தெரிந்ததும் திருத்தலாம்.

கடையில் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கும் மாதிரியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று துடைப்பார்கள், மறுநாள் தூசி. ஏழாவது எட்டாவது பிள்ளைகள் ஒரு கோடை லீவில் செய்யட்டும். எனக்கு மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். முதலில் மூன்று மலையும் ஏறிவிட்டு வரட்டும், வாத்தியாரோடு. அடுத்த வருஷப் பிள்ளைகள் முந்தினவர்கள் செய்த தப்பைத் திருத்தட்டும். நாலு முறத்தில் ஒன்றுக்குத் தங்கள் ஊர்ப் பெயரை எழுதட்டும்.

அப்படி வளர்ந்த பிள்ளைகள் நாளைக்கு டீக்கடையில் உட்கார்ந்து "யார் கோட்டை?" என்று சண்டை போட மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். போடுவார்கள், நம் பிள்ளைகள்தானே. ஆனால் அந்தச் சண்டையில் ஒருவனாவது, "இருங்கப்பா, அந்த எட்டு வருஷம் நம்ம ஊர்க்காரன் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்பான். எனக்கு அது போதும்.

பேரன் பொங்கலுக்கு வருகிறான். இந்தத் தடவை ஆயாவும் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "நான் முறத்துப் பக்கம்" என்றாள். அதற்கு இன்னும் விதி எழுதவில்லை. ஊர்க்காரர்கள் தானியத்தை ஒளித்து வைக்கலாமா, காட்டுக்குள் ஓடலாமா, இரண்டு பக்கமும் பேரம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாசகர்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். அதுவரை மேஜை காலியாகாது. ஸ்டூலில்தான் சாப்பாடு.